14. அப்பாவின் பையில் இருந்தது

குதிகாலில் ஆரம்பித்த வலி முழங்கால் வரை ஏறி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க லைனில் நின்று செல்போன் மூடிக்குத் திருகு போட்ட கால்கள். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய ஃபெபி, ஜல்லி பெயர்ந்த ரோட்டில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

வாசலில் சகாயமேரி துண்டோடு நின்றிருந்தாள்.

"குளிச்சிட்டு வா. மொத மணி அடிச்சிட்டாங்க."

"ஒரு டீ குடும்மா."

"வெறும் வயித்தோட நன்மை வாங்கணும். பூசை முடிஞ்சி குடிக்கலாம்."

அம்மாவிடம் வாதாடிப் பிரயோசனமில்லை. இன்று அப்பாவின் முப்பதாம் நாள்.

தம்பி ஜெபர்சன் யூனிஃபார்ம் போட்டு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். அப்பா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அதே பிரஸ் ஷாப்பில், மெஷினில் தகடு அழுத்தும் வேலையில், அவன் இப்போது டிரெய்னி. டிரெய்னிக்கு முப்பதாம் நாளும் கிடையாது, நாற்பதாம் நாளும் கிடையாது.

"மேட்ச் நாலு மணிக்குடா. லேட்டா வந்த, உன்ன கல்லறைக்கு அந்தாண்ட போட்ருவேன்."

"ஆயிரத்து எரநூறு பீஸ் அடிச்சிட்டா மூணு மணிக்கே கேட் பாஸு. நடேசண்ணன் நேத்தே சொல்லி வச்சிகிறாரு."

"நாலு வரைக்கும் அடிக்கிறத மூணுக்குள்ள எப்பட்றா அடிப்ப?"

"அதுக்கெல்லாம் வழி கீதுக்கா." கண்ணடித்துவிட்டுப் போய்விட்டான்.

அப்பா சின்னப்பராஜ் போய்ச் சேர்ந்து முப்பது நாளாகியும், அவர் கேட்டுவிட்டுப் போனது வீட்டில் தீராத சண்டையாகவே இருந்தது. மூக்கில் குழாயோடு கிடந்தவர், சாவதற்கு முந்தின நாள் மகளைக் கிட்டே வரச் சொன்னார். முப்பதாம் நாள் கோயில் கிரவுண்டில் ஒரு வாலிபால் மேட்ச் வைக்க வேண்டும். முதல் சர்வீஸை இசக்கி போட வேண்டும். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவதைச் சொன்னார்.

"என் கிட் பையில கீறத இசக்கி கையில குடுத்துடு. கிரவுண்டுல வச்சிக் குடு. எல்லாரும் இருக்கசொல்ல குடு."

சகாயமேரிக்கு இது பிடிக்கவே இல்லை. "முப்பதாவது நாள்னா ஜெபம் வைப்பாங்க, நாலு பேருக்கு சோறு போடுவாங்க. பந்து ஆடுவாங்களா? ஃபாதர் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" என்று ஒரு மாதம் புலம்பினாள். ஃபெபி பிடித்த பிடியை விடவில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது அவளிடம் ஒரு சொம்புத் தண்ணிகூடக் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும்.

போன வாரம் இசக்கியைத் தேடிப் படப்பைக்குப் போனாள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருந்தவர், அப்பாவின் டீமில் லிஃப்டர். அடிக்கிறவனுக்கு வலையோரம் பந்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த விரல்களிலிருந்து கிளம்புகிற பந்து, அடிக்கிறவன் கைக்கு முன்னால் ஒரு நொடி நிற்கும் என்பார் அப்பா. அப்புறம் மெஷின் அந்த வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. இப்போது ஒரு குடோன் வாசலில் செக்யூரிட்டி.

ரத்தம் சொட்டச் சொட்ட அவரைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடியது அப்பாதான். அன்று சாயங்காலம் பைனல் மேட்ச்; கான்ட்ராக்ட் ஆளான இசக்கிக்கு அதற்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா அதற்குப் போகவில்லை. அந்தக் கதை ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு அப்பா விளையாடுவதையே விட்டார். முட்டி வலி என்று சொல்லி அம்பயர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் இசக்கி வீட்டுக்குக் கேக்கும் புதுச்சட்டையும் போகும்.

ஃபெபி விஷயத்தைச் சொன்னதும் இசக்கி ஒரே வார்த்தைதான் கேட்டார். "அண்ணாச்சியே சொன்னாவளா? அப்பம் வாரேன்."

பூசை முடிந்தது. தீர்த்தம் தெளித்துக் கல்லறையை மந்திரித்தார்கள். பன்னும் டீயும் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் திருகுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

மூன்று மணிக்குக் கிட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கோயிலுக்குப் பின்னால் கிரவுண்டு. இரண்டு பக்கம் குடோன் சுவர் எழும்பிவிட்டது. இன்னொரு பக்கம் கல்லறைத் தோட்டம். பந்து அங்கே விழுந்தால், எடுக்கப் போகிறவன் சிலுவை போட்டுக்கொண்டு எடுத்து வருவான். அப்பாவின் குழி முதல் வரிசையில்தான் இருந்தது. வேலியோரம் நின்றால் சர்வீஸ் கோடும் தெரியும், அவரும் தெரிவார்.

நடேசன் லீவு போட்டுவிட்டு வந்து சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு ஆடியவர், இப்போது பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். ஜெபர்சனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். அவனை நிரந்தரமாக்கும் லெட்டர் திங்கட்கிழமை வருகிறது என்று நேற்றுத்தான் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"பாப்பா, இந்தப் பக்கம் நெட்டுக் கயிறு அறுந்துகினு கீது. பையில ஏதாவது கீதா பாரு."

ஃபெபி பையைக் கவிழ்த்தாள். பந்து, விசில், இரண்டு முட்டி உறை, துருப்பிடித்த பம்பு. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் ஒரு சைக்கிள் டியூப் துண்டு. இரண்டு சாண் நீளம். நடுவில் ஒரு ரெண்டு ரூபாய்க் காசை வைத்துப் பஞ்சர் ஒட்டியிருந்தது. காசு எதற்கு என்று யோசிக்க நேரமில்லை. நெட் கட்டத்தான் வைத்திருப்பார் என்று எடுத்து, வலையின் கீழ்மூலையைக் கம்பத்தோடு இழுத்துக் கட்டினாள். கச்சிதமாக நின்றது.

மூன்றரைக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். பழைய டீம், புது டீம், சும்மா பார்க்க வந்தவர்கள் என்று நாற்பது ஐம்பது பேர். சகாயமேரியும் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். பந்தைப் பார்க்கமாட்டேன், சும்மா உட்காரத்தான் வந்தேன் என்கிற மாதிரி முகத்தைக் கல்லறைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இசக்கி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"போன கிறிஸ்துமசுக்கு அண்ணாச்சி எடுத்துக் குடுத்தது மதினி," என்றார் சகாயமேரியிடம். அவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"இன்னா இசக்கி, லிஃப்டரா நிக்கிறியா?" என்றார் நடேசன்.

"கேக்குத கேள்வியப் பாரும். இருக்க ரெண்டு விரல்ல ஒமக்கு டாட்டாதான் காட்ட முடியும்."

சிரித்தார்கள். பதினோரு வருஷம் கழித்து அவர் அந்தக் கிரவுண்டில் கால் வைக்கிறார் என்பது யாருக்கும் உறைக்காத மாதிரி சிரித்தார்கள்.

ஃபெபி பந்தை எடுத்துக்கொண்டு நடுவில் வந்தாள். எல்லாரும் இருக்கசொல்ல.

"அப்பா இத உங்க கையில குடுக்கச் சொன்னாருண்ணே."

இசக்கி பந்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டார். நெஞ்சில் ஒருமுறை அணைத்தார். அப்புறம் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தக் காலத்தில் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் செய்ததைச் செய்தார். வலையின் கீழ்விளிம்பில் கையை வைத்து, இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை தடவிக்கொண்டே நடந்தார். எங்கே தொய்கிறது, எங்கே விறைக்கிறது என்று லிஃப்டருக்குக் கை சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் கை தட்டினார்கள்.

கடைசிக் கம்பத்தில் அவருடைய கட்டைவிரல் நின்றது.

அங்கேயே நின்றது. பந்து கக்கத்திலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"பாப்பா. இது எங்க இருந்துச்சு?"

"அப்பா பையிலதாண்ணே. கயிறு அறுந்துச்சின்னு கட்டினேன். ஏன்?"

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். டியூபைக் கையில் எடுத்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே நேரம் ஜெபர்சன் பைக்கை வேலியில் சாய்த்துவிட்டு யூனிஃபார்மோடு ஓடிவந்தான். மூஞ்சியெல்லாம் எண்ணெயும் சந்தோஷமும்.

"மூணு பத்துக்கே வெளிய வந்துட்டேன்க்கா. பைக்குதான் பஞ்சரு." அப்பாவின் பை திறந்து கிடந்ததையும் இசக்கி கையில் இருந்ததையும் பார்த்துச் சிரித்தான். "இன்னாண்ணே, இத போயி இப்பிடிப் பாக்கறீங்க? எங்க செட்டுல எல்லாரும் வச்சிகிறோம். அப்பாவும் வச்சிருந்தாரா? பலே ஆளுதான்."

"இது இன்னாடா?" என்றாள் ஃபெபி.

"பட்டன் டியூபுக்கா. பிரஸ்ல ரெண்டு பட்டன் கீது. ரெண்டு கையும் வச்சி அமுக்கினாத்தான் மேல கீறது எறங்கும். அப்ப கை உள்ள மாட்டாதில்ல, அதுக்கு. ஆனா அப்பிடி அடிச்சா என்னிக்குக் கவுண்டு முடிக்கிறது? வலது பட்டன் மேல இத சுத்திட்டா, காசு குழிக்குள்ள உக்காந்து அமுக்கிகினே இருக்கும். வலது கையால தகடு வைக்கலாம், இடது கையால அடிக்கலாம். ஒரு மணி நேரம் மிச்சம். ஷிப்டு முடிஞ்சா கழட்டி பாக்கெட்டுல போட்டுகினு வந்துடணும். அவ்ளோதான்."

ஃபெபிக்கு முதலில் எதுவும் புரியவில்லை. இசக்கியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருடைய வலது கையைப் பார்த்தாள்.

இசக்கி சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்ற நான்கு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"அண்ணாச்சி மொத ஷிப்டு, நான் ரெண்டாவது. அவிய எந்திச்ச ஒடனே அதே மெஷின்ல நான் நின்னேன். உள்ள ஒரு துண்டுத் தகடு சிக்கியிருந்துச்சு. வலது கைய விட்டு எடுத்தேன். இடது கைய பட்டன்ல சும்மா ஊணுனேன். ஒரு பட்டன்தான அமுங்கும், ஒண்ணும் ஆவாதுன்னுதான் ஊணுனேன். வலது பட்டன்ல இது சுத்தியிருந்தத நான் பாக்கல."

கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரண்டு கரையில் நின்றன. நடுவில் ஒன்றுமில்லை.

"மெஷினு நல்லா இருக்கு, நீ என்னமோ பண்ணியிருக்கன்னு எழுதி, ஆஸ்பத்திரிச் செலவக் குடுத்து அனுப்பிட்டாவ. பதினோரு வருசமா நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன், மத்தியானத் தூக்கக் கலக்கத்துல முழங்கைய வச்சி அமுக்கிட்டனோன்னு. எம்பொஞ்சாதி இன்னைக்கும் கேப்பா, தூங்கிட்டியளோன்னு."

"இசக்கி, அத விடு," என்றார் நடேசன். குரல் மாறியிருந்தது.

"என்னையத் தூக்குததுக்கு முன்னால அண்ணாச்சி மெஷினுக்கு அந்தப் பக்கமா குனிஞ்சாவ. மயக்கத்துலயும் பாத்தேன். என் விரலத் தேடுதாவன்னு நெனச்சேன்."



ஃபெபிக்குக் கால் வலி தெரியவில்லை. கால்களே தெரியவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய அப்பா, ரத்தம் காயாத சட்டையோடு வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுத அப்பா. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அந்த அழுகையைப் பார்த்துத்தான், இப்படி ஒரு மனுஷனா என்று பெருமைப்பட்டாள். அந்தச் சட்டைப் பாக்கெட்டில் இந்த டியூப் இருந்திருக்கிறது. தேய்த்துக் கழுவி, காயவைத்து, கிட் பையின் ஜிப்புக்குள் போட்டு, பதினோரு வருஷம் தோளில் சுமந்துகொண்டு இதே கிரவுண்டுக்கு வந்து போயிருக்கிறார்.

சகாயமேரி நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. உதடு மட்டும் அசைந்தது. "எம் புருசன் அப்பிடி இல்ல. அப்பிடி இல்ல."

ஜெபர்சனின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அதை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய கை பேன்ட்டின் பின்பாக்கெட்டுக்குப் போனது. இன்னொரு பாக்கெட். சட்டைப் பாக்கெட். மறுபடியும் பின்பாக்கெட்.

"அக்கா."

"இன்னாடா?"

"நான் கழட்டலக்கா."

நடேசன் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "எந்த மெஷின்?"

"ஆறாம் நம்பரு. நாலு மணிக்கு சக்திகுமார் வந்து நிப்பான். அவனுக்குப் போன் போட முடியாது, போனெல்லாம் லாக்கர்ல."

மணி மூன்று ஐம்பது. கம்பெனி பத்து நிமிஷ தூரம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ரோடு முழுக்க பஸ்.

நடேசன் ஷாப்புக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. "ஷிப்டு மீட்டிங்ல நிப்பானுங்க," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கத்தாத. திங்கக்கெழம லெட்டர் வருது உனக்கு. நான் பேசிக்கிறேன், வேற ஏதாவது சொல்லி நிறுத்தச் சொல்றேன்."

ஜெபர்சன் அவர் கையை உதறினான். கிரவுண்டைப் பார்த்துத் திரும்பினான். அங்கே அவன் கம்பெனிக்காரர்கள் பதினைந்து பேராவது இருந்தார்கள்.

"யாராவது ஷாப்புல ஆளுங்க நம்பர் இருந்தா போடுங்க. ஆறாம் நம்பர் மெஷின்ல யாரையும் நிக்க வேணான்னு சொல்லுங்க. பட்டன்ல டியூப் கட்டிகீது. நான்தான் கட்டுனேன். கழட்டாம வந்துட்டேன்."

பத்து கைகள் ஒரே நேரத்தில் போனை எடுத்தன.

"போ லே," என்றார் இசக்கி. "பேசிக்கிட்டு நிக்காத. போ."

பஞ்சர் ஒட்டி ஒரு மணி நேரம் ஆகாத பைக். வேலியை உரசிக்கொண்டு அது மெயின் ரோட்டில் ஏறும்வரை ஃபெபி பார்த்துக்கொண்டே நின்றாள். நடேசன் காதில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் யாரோ, "மேட்சு உண்டா இல்லியா?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான்.

இசக்கி டியூபை நீட்டி, சுருட்டி, மறுபடி நீட்டினார்.

"அண்ணாச்சி எங்கிட்ட குடுக்கச் சொன்னது பந்து இல்ல பாப்பா."

"தெரியலண்ணே. சத்தியமா எனக்குத் தெரியல."

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் இருக்கும்போது குடுக்கச் சொன்னாவல்லா? எல்லாரும் இருக்காவ." கிரவுண்டைக் காட்டினார். "அந்தப் பய ஒரு நிமிசத்துல சொல்லிட்டான். அவிய அப்பாவுக்குப் பதினோரு வருசம் பத்தல. நீ சொல்லு. நான் தூங்கலன்னு எம்பொஞ்சாதிகிட்ட நாளைக்கு இவியள்ல ஒருத்தராவது சொல்லட்டும். அதுக்கப்புறம் சர்வீஸ் போடுதேன்."

சகாயமேரியின் கை மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. ஜெபமாலையோடு சேர்த்துப் பிடித்ததில் மணிகள் தோலில் அழுந்தின.

"வேணாண்டி. முப்பது நாள் ஆவுது அந்த மனுசன் போயி. இன்னிக்கிதான் கல்லறைய மந்திரிச்சிட்டு வந்தோம். எம்புள்ளைக்கு வேல போவப்போவுது, இவரு பேருமா போவணும்?"

ஃபெபி விசிலை வாயில் வைத்தாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக ஊதியது. கிரவுண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விசிலை எடுத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

தூரத்தில், ஷெட்டுகளுக்கு அப்பால், நாலு மணிச் சங்கு ஊதியது.

வேலிக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையில், காலையில் வைத்த சாமந்தி மாலை வெயிலில் சுருண்டு கிடந்தது. அதற்குக் கீழே படுத்திருக்கிறவர் இசக்கிக்கு ஒரு வாக்கியம் பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டிய வாக்கியம்: அந்த டியூபைக் கட்டியது நான், இசக்கிமேல் தப்பில்லை.